கூட்ஸுக்கு மஞ்சள் மருந்து

ரயில்வே குவாட்டர்ஸ்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
9-9-1984

சீதாலெட்சுமிக்கு,

இந்தக் கடிதம் வருவதால் நமக்குள் பேச்சுவார்த்தை வந்துவிட்டது என்று நீ எண்ண வேண்டாம். இது உன் ஆமை சம்பந்தப்பட்ட விஷயம். அதற்கு எழுதத் தெரியாததால் நான் எழுதுகிறேன்.

கூட்ஸுக்கு உடம்பு சரியில்லை. கழுத்து மடிப்பிலும் முன்னங்கால் இரண்டிலும் தோல் வெள்ளை வெள்ளையாக உரிகிறது. பழைய சுவரில் சுண்ணாம்பு உரியுமே, அந்த மாதிரி. தொட்டால் கையோடு வருகிறது. பாம்பு சட்டை உரிப்பது போல இதுவும் உரிக்கிறது, புதுத் தோல் வந்துவிடும் என்று முதலில் சும்மா இருந்துவிட்டேன். இப்போது உரிந்த இடமெல்லாம் சிவந்து கிடக்கிறது. பப்பாளி வைத்தால் பாதியைத்தான் தின்கிறது. செம்பருத்திப் பூவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. செம்பருத்தியை அது வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

நீ அவன் லோரியில் ஏறிப் போன பிறகு அதைக் கொல்லையில் விடுவதில்லை. வேலி ஓரமாக யார் யாரோ நடக்கிறார்கள். எவனாவது தூக்கிக்கொண்டு போய்ச் சூப் வைத்துவிட்டால் உனக்கு யார் பதில் சொல்வது? அதனால் குளியலறையில், உன் அம்மா இருந்தபோது துணி ஊறவைத்த பெரிய நீலத் தொட்டியில் தண்ணீர் பிடித்து விட்டிருக்கிறேன். டியூட்டிக்குப் போகும்போது ஒரு முறை, வந்ததும் ஒரு முறை தண்ணீர் மாற்றுகிறேன். அந்த ஈரத்திலேயே கை வைத்துக் கை வைத்து எனக்கும் விரலிடுக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஆமைக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை என்று நீ தெரிந்துகொள்வதற்காக இதை எழுதுகிறேன்.

நீ கிள்ளானில் ஒரு கிளினிக்கில் வேலை பார்ப்பதாகப் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி சொன்னாள். விலாசமும் அவள் கொடுத்ததுதான். தோல் வியாதிக்கு என்ன செய்வது என்று உனக்குத் தெரிந்திருக்கலாம்.

பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

பக்கிரிசாமி


கிள்ளான்
14-9-1984

அப்பா,

கீழே 'பக்கிரிசாமி' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுதிய கடிதம் வழி தவறி வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

முதல் வேலையாகக் கூட்ஸைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுங்கள். அது குளத்து ஆமை இல்லை, காட்டு ஆமை. நீங்கள்தானே லிப்பிஸ் லைனில் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்த காலத்தில் தண்டவாளத்து ஓரமாகக் கிடந்தது என்று சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டு வந்தீர்கள்? அதனால்தானே அதற்குக் கூட்ஸ் என்று பேர் வைத்தேன்? அந்தக் காட்டில் ஏது குளம்? ஆமை என்றாலே தண்ணீர் என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். எதைப் பற்றியும் ஒரு தரம் முடிவு கட்டிவிட்டால் நீங்கள் மாற்றுவது கிடையாது. எனக்குத் தெரியாததா?

இராப்பகலாக நனைந்து கிடந்தால் யாருக்கும் தோல் அழுகத்தான் செய்யும். நன்றாகத் துடையுங்கள், கழுத்து மடிப்பு, கால் மடிப்பு எல்லாம். காய்ந்த சாக்கில் விடுங்கள். காலை வெயில் கொஞ்ச நேரம் படட்டும். குடிக்க மட்டும் தட்டில் தண்ணீர் வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு காயம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், மருந்து சொல்கிறேன்.

இன்னொன்று. நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றே அதைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். நீங்கள் வாசலை மறித்துக்கொண்டு நின்றீர்கள். "அது இந்த வீட்டு ஆமை. நீ போறதுன்னா தனியா போ. நான் கூப்பிடாம இந்தப் பக்கம் வராதே" என்று சொன்னீர்கள். லோரியில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்த நாராயணனுக்கும் அது கேட்டது. லோரி ஓட்டுகிறவருக்குக் காது கேட்காது என்று நினைத்தீர்களோ என்னவோ.

நீங்கள் கூப்பிட்டால் வந்து எடுத்துக்கொண்டு போகிறேன். கூப்பிடாமல் வரமாட்டேன்.

சீதா


பிரிக்பீல்ட்ஸ்
23-9-1984

சீதாவுக்கு,

ஆமையை வெளியே எடுத்தாகிவிட்டது. தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அடுப்படியில், கேஸ் அடுப்புக்குக் கீழே சாக்கு விரித்து அதில் விட்டிருக்கிறேன். வெயிலுக்கு எங்கே போவது? இங்கே தினமும் காலையில் மூட்டம், மத்தியானத்துக்கு மேல் மழைதான். அங்கே கிள்ளானில் வெயிலா?

நான் முடிவை மாற்றாதவன் என்று எழுதியிருந்தாய். ரயில்வேயில் முடிவை மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு வண்டி ஒரே பாதையில் வரும்.

காயம் காய்ந்தபாடில்லை. இடது கால் மடிப்பில் ஒரு இடம் திறந்து நீர் கசிகிறது. மாட்டு வைத்தியரிடம் கொண்டு போகலாமா என்று யோசித்தேன். வரிசையில் நாயும் ஆடும் நிற்க, நான் ஆமையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நீ மருந்து சொல். அதைச் செய்கிறேன்.

நேற்றுத் தனலெட்சுமி வந்து எட்டிப் பார்த்தாள். "ஆமை வீட்டுக்கு ஆகாதுண்ணே. அக்கா போனது, பொண்ணு போனது எல்லாம் இது வந்ததாலதான். எங்கயாச்சும் வுட்ருங்க லா" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "என் பொண்ணு போனதுக்கு நான்தாம்மா காரணம், ஆமை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு, இவளிடம் போய் ஏன் இதைச் சொன்னோம் என்று என் மேலேயே கோபம். அவள் உனக்கு எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

தூக்கிக்கொண்டு போவதைப் பற்றி: நோயோடு பிரயாணம் செய்யக் கூடாது. குணமாகட்டும். குணமான பிறகு நீ வந்து பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குக் கையில் வெடிப்பு அதிகமாகிவிட்டது. துணி சுற்றிக்கொண்டு கொடி பிடிக்கிறேன். வண்டி நேரத்துக்குத்தான் ஓடுகிறது.

அப்பா


கிள்ளான்
1-10-1984

அப்பா,

இந்தத் தடவை 'அப்பா' என்று கையெழுத்து. நன்றி.

கிளினிக்கில் கூட்டம், சுருக்கமாக எழுதுகிறேன். நீர் கசிகிறது என்றால் இனித் தாமதிக்கக் கூடாது. மஞ்சள் மருந்து போடுங்கள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். வீட்டிலேயே இருக்கும், கடைக்குக்கூடப் போக வேண்டாம். இங்கே சேற்றுப்புண், சிரங்கு என்று யார் வந்தாலும் அதுதான் கொடுக்கிறோம். எரியாது, கூட்ஸ் பயப்படாது. காயத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போடுங்கள். கொஞ்ச நாளில் காய்ந்துவிடும்.

தனலெட்சுமி அக்காவிடம் சொன்னதைப் படித்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்துக்கொண்டாகிவிட்டது. என்ன செய்வது?

பந்திங் எஸ்டேட்டிலிருந்து செம்பனைப் பழம் ஏற்றிக்கொண்டு வந்த களைப்பிலும் இவர் முதலில் கேட்டது, "ஆமை எப்டி இருக்காம்?" அப்புறம், "உங்கப்பா தினம் நம்ம ஊரு வழியாத்தானே போறாரு? ஒரு நாளு எறங்கச் சொல்லு லா, ஒரு டீ குடிச்சிட்டுப் போகட்டும்" என்றார். அது அவர் இறங்குகிற ஸ்டேஷன் இல்லை என்று சொல்லி வைத்தேன்.

சீதா


பிரிக்பீல்ட்ஸ்
28-10-1984

அன்புள்ள சீதாவுக்கு,

நீ சொன்னபடியே மஞ்சள் போட்டு வருகிறேன். காலை மாலை தவறுவதில்லை. டியூட்டி மாறினாலும் அதற்குத் தகுந்த மாதிரி நேரத்தை வைத்துக்கொள்கிறேன். நன்றாக நிறம் பிடித்திருக்கிறது. சிவப்பு இப்போது கண்ணுக்கே தெரியவில்லை. நீ சொன்னது போல எரிச்சலும் இல்லை, பேசாமல் காலை நீட்டிக் காட்டுகிறது. சாப்பாடுதான் இன்னும் குறைவு. கங்கோங் கீரையை நறுக்கி வாய் அருகில் பிடித்தால் எனக்காக ஒரு வாய் தின்கிறது.

தீபாவளி வந்து போய்விட்டது. எனக்கு அன்று டியூட்டி இல்லை. விடியற்காலையில் எழுந்து எண்ணெய் காய்ச்சினேன். உன் அம்மா இருந்தவரை அவள் உன்னைப் பலகையில் உட்காரவைத்துத் தேய்ப்பாள், நீ கண்ணெரிகிறது என்று கத்துவாய், கோயில் வரைக்கும் கேட்கும். இந்த வருஷம் தேய்த்து விட யார் இருக்கிறார்கள்? கூட்ஸைப் பலகையில் வைத்து ஓட்டுக்கும் காலுக்கும் நல்லெண்ணெய் தேய்த்தேன். வெந்நீர் ஊற்றினேன். ஓடு பளபளவென்று ஆகிவிட்டது. அதுவும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. உன்னைப் போல் கத்தவில்லை.

தனலெட்சுமி ஒரு டின் முறுக்குக் கொடுத்தாள். நான் ஒருத்தன் எவ்வளவு தின்பேன்? நிறைய இருக்கிறது. அதிரசமும் இருக்கிறது. கெட்டுப்போகாது.

அப்பா


கிள்ளான்
3-11-1984

அப்பா,

எண்ணெயா? காயம் உள்ள தோலுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினீர்களா? ஈரமும் எண்ணெயும் ஓட்டு இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டால் எப்படிக் காயும்? இனி ஒரு சொட்டு எண்ணெய் அதன் மேல் படக் கூடாது. மஞ்சள் மருந்தை மூன்று வேளையாக்குங்கள். சிவப்பு தெரியவில்லை என்பது நல்ல சேதிதான், ஆனால் சாப்பிடாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் அதைப் பலகையில் வைத்த காட்சியை நினைத்துச் சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் சிரிக்க முடியவில்லை.

முறுக்கு நிறைய இருக்கிறது, அதிரசம் கெட்டுப்போகாது என்றால் என்ன அர்த்தம் அப்பா? எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் புரிந்துகொண்டு வர எனக்கு இஷ்டமில்லை. 'வா' என்று எழுதுங்கள். ஒரே ஒரு எழுத்து. 'போ' என்பதும் ஒரே எழுத்துதான். அதை எவ்வளவு சுலபமாகச் சொன்னீர்கள்!

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் கிளினிக் விட்டு வரும்போது கிள்ளான் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்றேன். உங்கள் வண்டி வந்து நின்றது. கடைசிப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தீர்கள். கையில் வெள்ளையாக ஏதோ துணி. மெலிந்து போயிருக்கிறீர்கள். பச்சைக் கொடியை ஆட்டினீர்கள், வண்டி போய்விட்டது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை.

சீதா


பிரிக்பீல்ட்ஸ்
18-11-1984

அன்புள்ள மகளுக்கு,

மேம்பாலத்தில் நீ நின்றதைப் படித்ததிலிருந்து கிள்ளான் வந்தால் கொடியைக் காட்டுவதற்கு முன்னால் மேலே பார்க்கிறேன். இரண்டு மூன்று தரம் யாரோ பெண்ணைப் பார்த்து நீ என்று நினைத்து, வண்டியைக் கொஞ்சம் பிடித்து வைத்துவிட்டேன். டிரைவர் ஹாரன் அடிக்கிறான். இந்த உத்தியோகத்தில் இதுவரை என்னால் ஒரு வண்டி தாமதமானதில்லை.

கூட்ஸ் நன்றாக இல்லை. மறைத்துப் பயனில்லை. கண்ணைத் திறப்பதில்லை. அடி ஓட்டில் ஒரு இடம், விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. ஒரு வாடையும் வருகிறது, மஞ்சள் வாசத்தையும் மீறி.

நீ சொன்னதில் நான் எதையும் விடவில்லை. எண்ணெயை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். தண்ணீரில் குழைத்துத்தான் பூசுகிறேன், மூன்று வேளையும், காயம் தெரியாதபடி கனமாக. கடைத் தூளில் மாவு கலந்திருக்கும் என்று பாசாரில் கிழங்காக வாங்கி வந்து, உன் அம்மாவின் அம்மியில் நானே அரைக்கிறேன். எனக்கு அரைத்துப் பழக்கமில்லை. குழவி கையை விட்டு ஓடுகிறது. வெடிப்பில் மஞ்சள் ஏறி என் விரலெல்லாம் ஒரே நிறம், சோறு பிசைந்தாலும் மஞ்சளாக இருக்கிறது. ஆபீசில், "என்ன கார்ட் சார், வீட்ல கல்யாணமா?" என்று கேட்கிறார்கள்.

அதைக் கேட்டுவிட்டு வந்து அரைக்கும்போது நினைத்தேன். இது உன் கல்யாணத்துக்கு நான் அரைக்கச் சொல்லியிருக்க வேண்டிய மஞ்சள். உனக்கு நலங்கு வைக்க வேண்டிய நாளில் நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். இப்போது ஆமைக்குப் பூசிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட எழுத்தை எழுதிப் பார்த்தேன். எழுத வருகிறது. அனுப்பத்தான் வரவில்லை. கூட்ஸை நான் ஏன் பிடித்து வைத்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அது இங்கே இருந்தால் என்றாவது நீயாக வருவாய், நான் கூப்பிட்டதாகவும் இருக்காது, நீ வராததாகவும் இருக்காது என்று ஒரு கணக்குப் போட்டேன். அது குணமாகி நடக்கட்டும். அப்போது கட்டாயம் எழுதுகிறேன். நோயில் கிடப்பதைக் காட்டி உன்னைக் கூப்பிட எனக்கு முகமில்லை.

அப்பா


கிள்ளான் ஸ்டேஷன்
22-11-1984

அப்பா,

உடனே நிறுத்துங்கள். நான் சொன்னது சமையல் மஞ்சள் இல்லை.

நான் சொன்னது லோஷன். உங்கள் டியூட்டிப் பெட்டியில், பஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் இருக்குமே, மஞ்சளாக, துணியில் பட்டால் போகாது என்று அம்மா திட்டுவாளே, அந்த லோஷன். நான் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டபோதெல்லாம் நீங்கள் போட்டுவிட்டதுதான். இங்கே கிளினிக்கில் மலாய்க்காரர்கள் அதை உபாட் கூனிங் என்று கேட்பார்கள், தமிழாட்கள் மஞ்சள் மருந்து என்பார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். நம் வீட்டில் அதற்கு அந்தப் பேர் கிடையாது என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அரைத்த விழுதைக் கனமாகப் பூசினால் உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். பற்றை மெதுவாக ஊறவைத்து எடுங்கள். துடைத்துக் காயவிட்டு லோஷன் போடுங்கள். நாளைக் காலையிலேயே ஒரு நல்ல மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். நாலு பேர் என்ன நினைத்தால் என்ன அப்பா?

உங்கள் கையில் நேராகக் கொடுத்துவிடலாம் என்று லோஷன் பாட்டிலோடு பிளாட்பாரத்தில் வந்து நிற்கிறேன். உங்கள் வண்டி வந்தது. கடைசிப் பெட்டியில் நீங்கள் இல்லை. தம்புசாமி அங்கிள்தான் இருந்தார். "அப்பா இன்னிக்கி லீவும்மா, அவரு லீவு போட்டு நான் பார்த்ததே இல்ல" என்றார். போர்ட் கிள்ளான் போய் வண்டி திரும்பி வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். அவரிடம் பாட்டிலையும் கொடுத்தனுப்புகிறேன்.

சீதா


பிரிக்பீல்ட்ஸ்
25-11-1984

அன்பு மகள் சீதாவுக்கு,

நீ கொடுத்தனுப்பிய கடிதமும் லோஷனும் அன்று சாயங்காலமே தம்புசாமி கொண்டு வந்து கொடுத்தான். பாட்டிலைத் திறக்கவில்லை. திறக்க வேலை இருக்கவில்லை.

அன்று காலையில் கூட்ஸ் தலையை வெளியே போட்டுக்கொண்டு கிடந்தது. தொட்டால் இழுத்துக்கொள்ளவில்லை. லீவு சொல்லிவிட்டு, பழைய சாப்பாட்டுப் பையில் வைத்து, டாக்சி பிடித்துப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நாய் டாக்டரிடம் கொண்டு போனேன். வரிசையில் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. ஒரு சீனத்து அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

டாக்டர் நல்ல மனிதர். பஞ்சை நனைத்து மஞ்சள் பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். எடுக்க எடுக்கத்தான் தெரிந்தது. காலில் தோலே இல்லை. அடி ஓடு உள்ளுக்குள் அழுகிப் போயிருந்தது. "யாரு இது மேல இப்படிப் பூசினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். உன் பேரைச் சொல்லவில்லை. அவர் ஊசி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அது போய்விட்டது. என் கை மேல்தான் கிடந்தது.

வீட்டுக்கு வந்து, கொல்லையில் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தேன். தனலெட்சுமி வந்து நின்றாள். வீட்டுக்கு ஆகாதது போயிற்று என்று ஏதாவது சொல்வாளோ என்று பயந்தேன். அவள் ஒரு பூவைப் பறித்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் தம்புசாமி வந்தான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு டியூட்டிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முக்கால் பாட்டில். இத்தனை நாளும் அதைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டைத் தாண்டிப் போய் வந்திருக்கிறேன். நீ 'லோஷன்' என்று எழுதியிருந்தால் அன்றைக்கே போட்டிருப்பேன். நீ எழுதாததைக் குற்றமாகச் சொல்லவில்லை. நீ போன இடத்தில் உனக்கு வேறு பேச்சு வந்துவிட்டது, அது இயற்கை. கூட இருந்து கேட்டிருந்தால் எனக்கும் அது பழகியிருக்கும். நான் கேட்காமல் விட்டேன். மஞ்சள் என்று படித்ததும் உன் அம்மா ஞாபகத்தில், இவளும் அம்மா மாதிரியே வைத்தியம் சொல்கிறாளே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு அரைத்தேன். அரைத்துக் கொன்றுவிட்டேன்.

கூட்ஸைக் காட்டி உன்னை வரவழைத்துவிடலாம் என்று இருந்தேன். இனிக் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இந்த வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

வா.

மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

அப்பா


கிள்ளான்
28-11-1984

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிளினிக்கில்தான் பிரித்தேன். படித்துவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்னவென்று கேட்டவர்களிடம் எங்கள் வீட்டு ஆமை செத்துவிட்டது என்றேன். ஆமைக்கா இந்த அழுகை என்று பார்த்தார்கள். ஆமைக்கு மட்டும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

கொன்றுவிட்டேன் என்று இனி எழுதாதீர்கள். வெந்நீர் போடுவதற்கே அம்மாவைக் கூப்பிட்ட மனிதர், மூன்று வேளையும் அம்மியில் உட்கார்ந்து அரைத்திருக்கிறீர்கள். நான் செய்தது என்ன? மருந்தின் பேரை எழுதித் தபாலில் போட்டேன். பாட்டில் என் மேசை மேல் இருந்தது. ஒரு மணி நேர ரயில் பயணம். எடுத்துக்கொண்டு வந்து ஒரு தரம் போட்டுக் காட்டியிருந்தால் போதும். முதலில் நீங்கள் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கூட்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டீர்கள், நான் அந்த ஓரெழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டேன். நடுவில் கிடந்தது அது. உங்களுக்குப் பிறந்த பெண்தானே நான்.

நேற்று உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். முதல் கடிதத்திலேயே விரலிடுக்கு அரிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்ததில் கையில் வெடிப்பு, துணி சுற்றிக் கொடி பிடிக்கிறேன் என்று. அப்புறம் வெடிப்பில் மஞ்சள் ஏறிவிட்டது என்று. பாலத்தின் மேல் நின்று நான் என் கண்ணால் பார்த்தேன், கையில் வெள்ளைத் துணி. ஏதோ கொடித் துணி என்று விட்டுவிட்டேன். நாளெல்லாம் ஊரார் கையையும் காலையும் பிடித்துப் பார்க்கிறவள் நான். எத்தனை கடிதம் எழுதினேன்! கூட்ஸின் கழுத்து எப்படி, கால் எப்படி, ஓடு எப்படி என்று கேட்டேன். உங்கள் கை எப்படி இருக்கிறது என்று ஒன்றிலும் கேட்கவில்லை. நான் கேட்பேன் என்று எதிர்பார்த்து நீங்களும் அதை எழுதவில்லை, தெரியும். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் நானும் இவரும் கிளம்புகிறோம். இவர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துத் தொங்கவிட்டிருக்கிறார். "உங்கப்பா எதாச்சும் கேட்டா நான் என்னா சொல்றது?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். பாவம், கொஞ்சம் சிரித்த முகமாகப் பேசுங்கள். முறுக்கு மீதி இருந்தால் அவருக்குக் கொடுங்கள். எனக்குச் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் எந்த இடம் என்று மட்டும் காட்டுங்கள்.

லோஷன் பாட்டிலைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே இருக்கட்டும். அதுவரைக்கும் கையை ஈரத்தில் வைக்காதீர்கள், துணியையும் அவிழ்த்துவிடுங்கள், காற்றுப் படட்டும். நான் வந்து போட்டு விடுகிறேன்.

வரேன்பா.

சீதா